டீக்கன் ஐயா

1957ஆம் வருஷம் மே மாதம் 26ஆம் தேதி, அக்கினி நட்சத்திரம் கழிய இரண்டு நாளே மீதியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தென்காசிக்குக் கிழக்கே சிற்றாற்றுக் கால்வாயின் கடைமடையிலிருந்த ஒரு சிற்றூரில், பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த குளத்தின் கரைமீது நின்று, கழுத்துவரை பொத்தானிட்ட அங்கிக்குள் வியர்வை முதுகுத்தண்டு வழியே வழிந்தோடுவதைச் சற்றும் அறியாதவன்போல் பாவனை செய்துகொண்டு, வயல்களின் விளைச்சலுக்காக நான் தேவனை மன்றாடினேன். உயிர்த்தெழுந்த பண்டிகைக்குப் பின்வரும் ஐந்தாம் ஞாயிறு பயிர்களுக்காக மன்றாடும் ஞாயிறு என்பது இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து எங்களுக்கு வந்த ஏற்பாடு. அந்தத் தேசத்தில் அப்பொழுது கோதுமைப் பயிர் பசுமையாக நிற்குமென்றும், குருவானவர் சபையாரை அழைத்துக்கொண்டு வரப்புகளைச் சுற்றிப் பவனி வருவாரென்றும் நான் படித்திருந்தேன். படித்ததை உடனே செய்து பார்த்துவிட வேண்டும் என்னும் ஆத்திரம் புதிதாகப் பட்டம் பெற்றவனுக்கு இயல்பு. எங்கள் பவனி முடிந்ததும், தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தபடியே வந்த ஒரு சம்சாரி மிகுந்த மரியாதையோடு, "ஐயா, எந்தப் பயிருக்கு ஜெபம் பண்ணினிய?" என்று கேட்டார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை உடைமரமும் பனையும் தவிரப் பச்சை என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. எங்கள் ஜெப புஸ்தகத்தில் மழை வேண்டி ஒரு ஜெபமும், அதற்கடுத்தாற்போல் மழை நின்று வெயில் காய்வதற்காக ஒரு ஜெபமும் இருக்கின்றன. முந்தியதையாவது வாசித்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது குருமனைக்குத் திரும்பிய பிறகுதான். பிந்தியதைத் தென்காசிப் பக்கத்தில் யாரும் வாசிக்க நான் கேட்டதில்லை.

அக்காலத்தில் நான் முழுக் குருவல்ல. நாசரேத்தை அடுத்த திருமறையூரில், செம்மண் தேரிகளின் அனலுக்கு நடுவே கிரேக்கமும் சபைச் சரித்திரமும் பயின்று, அவ்வருஷம் பிப்ரவரி மாதத்தில், 1826ல் எழுந்த பாளையங்கோட்டை ஊசிக்கோபுர ஆலயத்தில் அத்தியட்சர் தலைமேல் கைவைக்க டீக்கனானவன். ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் ஏனைய இரண்டொரு சபையாரும் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபை என்று ஒன்றை 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னையில் உண்டாக்கிப் பத்து வருஷம் நிறையவிருந்த சமயம் அது. ஆனால் அத்தியட்சர், குரு, டீக்கன் என்னும் மூன்று படிகளும் பழையபடியே நிலைத்திருந்தன. டீக்கன் வேதம் வாசிக்கலாம், பிரசங்கம் செய்யலாம், குரு இல்லாவிடத்தில் ஞானஸ்நானம் கொடுக்கலாம், பிரேதத்தை அடக்கம் செய்யலாம். பாவமன்னிப்புக் கூறவும், அப்பத்தையும் ரசத்தையும் பிரதிஷ்டை பண்ணவும், கையுயர்த்தி ஆசீர்வதிக்கவும் கூடாது. இதன் அடையாளமாகவே, குருவானவர் இரண்டு தோள்களிலிருந்தும் நேராகத் தொங்கவிடும் பட்டையை டீக்கன் இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குக் குறுக்காக அணிகிறான். தாசில்தார் கச்சேரிச் சேவகரின் டவாலியைத் தவிர வேறு குறுக்குப் பட்டை எதையும் கண்டிராத எங்கள் கிராமத்தார் அதைக் கண்டு என்ன நினைத்தார்கள் என்பதை நான் வெகு காலத்துக்குப் பிறகே அறிந்தேன்.

வேடிக்கை என்னவெனில், 1872ஆம் வருஷத்துக் கிறிஸ்தவ விவாகச் சட்டத்தின்படி அத்தியட்சர் கையால் அபிஷேகம் பெற்ற எவனும் விவாகம் நடத்திவைக்கலாம். சட்டத்துக்கு நான் போதும். பெண்ணைப் பெற்றவர்களுக்குப் போதாது. மே மாதம் முழுவதும் கல்யாணம். மூன்று ஞாயிறுகள் ஓலை வாசிப்பது என் வேலை, தாலி எடுத்துக் கொடுப்பது பெரிய ஐயரின் வேலை, அப்புறம் விவாகப் பதிவேட்டில் இரட்டைப் பிரதி எழுதி மை உலர்த்துவது மறுபடியும் என் வேலை. பனையோலை போய்க் காகிதம் வந்து எத்தனையோ தலைமுறை ஆகியும் அதை ஓலை என்றே எங்கள் ஜனங்கள் சொல்லுகிறார்கள்.

எங்கள் சேகரத்தில் ஏழு ஊர்கள். பெரிய ஐயருக்கு வயது ஐம்பத்தெட்டு, வண்டியில் போகிறவர். நான் சைக்கிளில் போகிறவன். திருமறையூரில் எங்களுக்குக் காலை ஜெபம் ஆறரை மணிக்கு என்று பழக்கம். முதல் வாரத்தில் நான் ஆறரை மணிக்கு மணியடிக்கச் சொன்னபோது, ஆலயத்துக்குள் இரண்டு கிழவிகளும் ஒரு நாயுமே இருந்தன. பதனீர்க் காலத்தில் பனையேறுகிறவன் விடியுமுன் முதல் மரத்தில் ஏறிவிடுகிறான் என்பதும், பெண்கள் பதனீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக வட்டில் ஊற்றும்வரை அடுப்பை விட்டு நகர இயலாது என்பதும், பனையில்லாத வீட்டுப் பெண்கள் மடியிலே பீடித் தட்டை வைத்துக்கொண்டு கடைக்குக் கணக்குக் கொடுக்கும்வரை தலைநிமிரமாட்டார்கள் என்பதும் அந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது. உபதேசியார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மறுநாள் மாலை எட்டு மணிக்கு அவராகவே மணியை அடித்தார். ஆலயம் நிறைந்துவிட்டது, பாதிப்பேர் தூங்கியும் விட்டார்கள். தூங்குகிறவர்களுக்குப் பிரசங்கம் செய்வது எங்கள் தொழிலின் ஆரம்பப் பாடங்களில் ஒன்று. அவர்களை எழுப்பாமல் முடிப்பது அதைவிடக் கடினமான பாடம்.

அந்த உபதேசியாரிடம் நான் கற்றது அநேகம். பட்டம் பெறாதவர், மாதம் சொற்பச் சம்பளம் பெற்றவர், என் தகப்பனாரைவிட மூத்தவர். எனினும் என்னை "ஐயா" என்றே அழைத்து, நான் உட்காரும்வரை நின்றுகொண்டேயிருப்பார். வீடு சந்திப்பதற்கென்று அவர் சில முறைகளை வைத்திருந்தார். வாசலில் நின்றவுடனே வேதத்தைத் திறக்கலாகாது. முதலில் ஆடு குட்டி போட்டதா என்று கேட்க வேண்டும். பனையோலைப் பட்டையில் பதனீர் கொடுத்தால், வயிறு நிறைந்திருந்தாலும் இரண்டு மடக்காவது குடிக்க வேண்டும். மறுத்தால் அந்த வீட்டார் ஒரு மாதத்துக்கு ஆலயத்துக்கு வரமாட்டார்கள், வேண்டாமென்று சொன்னது யாருக்கும் மறக்காது. வியாதியஸ்தனின் கட்டிலில் உட்காராமல் தரையில் உட்கார வேண்டும். கட்டிலில் உட்கார்ந்தால் ஐயர் சீக்கிரம் எழுந்துவிடுவார் என்று அவனுக்குத் தெரிந்துபோகும். பங்காளிச் சண்டையில் ஒரு வீட்டில் குடித்தால் மறுவீட்டிலும் குடிக்க வேண்டும். இப்படி ஏழெட்டு வீடுகளில் பதனீர் குடித்துவிட்டு உச்சிவெயிலில் சைக்கிள் மிதித்து வரும்போது என் வயிறு பட்ட பாட்டை எந்த வேதசாஸ்திர நூலிலும் எழுதியிருக்கக் காணோம்.

காணிக்கைக் கணக்கு அவ்வருஷம் ஒரு தனித் துன்பமாயிற்று. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சர்க்கார் புதிய நாணயத்தைப் புழக்கத்தில் விட்டிருந்தார்கள். ரூபாய்க்குப் பதினாறணா என்பது போய் நூறு நயா பைசா என்றாயிற்று. அணாவும் பைசாவும் ஒரே பையில் விழும். ஓரணாவுக்கு ஆறு, இரண்டணாவுக்குப் பன்னிரண்டு, மூன்றணாவுக்கோ பத்தொன்பது, நாலணாவுக்கு இருபத்தைந்து என்று ஏறிப்போகும் அந்தக் கணக்கில், எந்தப் பக்கம் கூட்டினாலும் இரண்டு மூன்று பைசா உதைத்துக்கொண்டு நிற்கும். சங்கக் காணிக்கைப் புஸ்தகத்தை வைத்துக்கொண்டு நானும் உபதேசியாரும் அரிக்கன் விளக்கின் முன் பாதி ராத்திரிவரை உட்கார்ந்திருப்போம். பிடியரிசிக்கு இந்தத் தொல்லையில்லை. ஒவ்வொரு வேளையும் உலையிலிடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, ஞாயிறுதோறும் பெண்கள் கொண்டுவந்து ஆலயத்துப் பெட்டியில் கொட்டும் அரிசி, அதை எந்த அரசாங்கம் மாற்ற முடியும்? ஆராதனை முடிந்ததும் முருங்கைக்காயும் முட்டையும் சேவலும் ஏலத்துக்கு வரும். புதிய டீக்கன் ஏலத்தில் வாய் திறக்கலாகாது என்பதை அறியாமல் ஒரு சேவலுக்கு ஒன்றேகால் ரூபாய் கேட்டுவிட்டேன். ஐயர் கேட்டதற்குமேல் கேட்பது மரியாதையல்லவென்று ஜனங்கள் ஒருவரும் பேசாமலிருக்க, சேவல் என் தலையில் விழுந்தது, சபைக்கும் முக்கால் ரூபாய் நஷ்டமாயிற்று.

மே மாதத்து விடுமுறை வேதாகமப் பள்ளியைப்பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. நூறு பிள்ளைகள், ஒரு வேப்பமரம், பத்து நாள்.

ஜூன் மாதம் பிறந்ததும் காய்ச்சல் வந்தது. அவ்வருஷம் ஆசியா முழுவதையும் சுற்றிய அந்தச் சுரம் கப்பலேறி மே மாதத்தில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது என்று பத்திரிகைகள் எழுதின. எங்கள் ஊர்களில் படுத்தவர்களுக்கெல்லாம் அதுதானா என்று சொல்ல நான் வைத்தியனல்ல. வீட்டுக்கு ஒருவர் படுத்தார்கள். பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு மூன்று நாள் இருக்கையில், கடைசி ஊரிலிருந்து ஒரு பையன் ஓடிவந்து, தன் பாட்டி "சாகக் கெடக்கா" என்றும் ஐயரைக் கூப்பிடுகிறாளென்றும் சொன்னான். போனேன். எழுபது வயதுக்கு மேற்பட்ட கிழவி; தண்டட்டி போட்டு வளர்த்த காதுகள் தோளைத் தொட, கண் உள்வாங்கிக் கிடந்தாள். தரையில் உட்கார்ந்தேன். சங்கீதம் வாசித்தேன். வாசித்து முடித்ததும், "ராப்போசனம் குடுங்கய்யா" என்றாள்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நான் டீக்கன் மாத்திரமே என்றும், அப்பத்தைப் பிரதிஷ்டை பண்ண எனக்கு அதிகாரமில்லை என்றும், பெரிய ஐயரை அழைத்து வருகிறேன் என்றும் சொன்னேன். கிழவி என்னை நெடுநேரம் பார்த்தாள்.

"நீங்க ஐயரு இல்லியா?"

"சின்ன ஐயர்தான், பாட்டி."

"சின்ன ஐயருன்னா, கொஞ்சமாக் குடுங்களேன்."

திருமறையூரில் மூன்று படிகளின் உற்பத்தியைப்பற்றி நான் பதினான்கு பக்கம் எழுதிப் பரீட்சையில் தேறியவன். அந்தக் கேள்விக்கு அதில் விடையில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒன்பது மைல் போனேன். பெரிய ஐயர் கம்பளியைப் போர்த்துக்கொண்டு பல் கிட்ட நடுங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் வருகிறேன் என்றார். பழைய ஜெப புஸ்தகத்தில் வியாதியஸ்தருக்கான நற்கருணை முறையின் முடிவிலே ஒரு குறிப்பு உண்டு: தக்க காரணத்தால் திருவிருந்தைப் பெற இயலாத ஒருவர் மெய்யாகவே மனந்திரும்பி விசுவாசித்தால், வாயினால் புசிக்காவிட்டாலும் ஆத்துமாவுக்கு வேண்டிய பலனை அடைகிறார் என்பது அதன் கருத்து. அதை எடுத்துக்காட்ட அவர் மறக்கவில்லை. திரும்ப ஒன்பது மைல். அந்தக் குறிப்பைக் கிழவிக்கு என்னால் இயன்றவரை எளிய தமிழில் விளக்கினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "அப்பஞ் சரி, தொண்ட வறளுது, தண்ணியாவது குடுக்கலாமா கூடாதா?" என்றாள். அதற்கு அதிகாரம் உண்டென்று சொல்லி, மண்பானையிலிருந்து மொண்டு, அவள் தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிப்பித்தேன். அன்றிரவு அங்கேயே திண்ணையில் படுத்திருந்தேன். உபதேசியார் கற்பித்தபடி, சீக்கிரம் எழுந்துவிடவில்லை.

மறுநாள் பொழுது சாயும் வேளையில் பெரிய ஐயர் கம்பளியோடு வண்டியில் வந்திறங்கினார். 1950க்குப் பிறகு எங்கள் சபை ஏற்றுக்கொண்ட புதிய முறையில், திருவிருந்துக்குமுன் ஒருவர் கைகளுக்குள் ஒருவர் கை வைத்துச் சமாதானம் பகிர்வது ஒரு கிரியை. அதைப் பழைய ஜனங்கள் பலர் வெட்கப்பட்டு ஒதுக்கிவிடுவார்கள். கிழவி ஒதுக்கவில்லை. சுரத்தில் கொதித்த இரண்டு கைகளுக்கு நடுவே என் கை இருந்தது. ஐயர் அப்பத்தைக் கொடுத்தார். பாத்திரத்தை ஏந்திக் கொடுப்பது டீக்கனுக்கு உரிய பணி. நான் பாத்திரத்தை அவள் உதட்டில் வைத்தபோது அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ரசம் கொஞ்சமாகத்தான் கொடுத்தேன்.

அடுத்த வாரம், திரித்துவ ஞாயிற்றுக்கு முந்தின இரவில், காற்றுத் திரும்பியது. தென்காசியில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை; இராதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது சிரமம். மேற்கே மலைத்தொடர் ஆரியங்காவுப் பக்கம் தாழ்ந்து ஒரு வாசல்போல் திறந்திருக்கிறது. மலையாளத்தில் கொட்டுகிற பருவமழையின் ஈரக்காற்று அந்த வாசல் வழியே இறங்கி, பெருமழையாகப் பெய்யாமல், வெயிலும் தூறலும் ஒன்றையொன்று துரத்தும் சாரலாகப் பரவுகிறது. செங்கோட்டை ஏழு மாதத்துக்கு முன்புவரை திருவிதாங்கூர் எல்லையைச் சேர்ந்தது. 1956 நவம்பர் முதல் தேதிதான் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. "இனிமே சாரலும் நம்ம சர்க்காரோடது" என்று தென்காசி ரயிலடியில் ஒரு போர்ட்டர் சொல்லக் கேட்டேன். உச்சி பிளந்து மொட்டையாய் நின்ற பெரிய கோயில் கோபுரம் சாரல் புகையில் மறைந்தும் தோன்றியும் நின்றது. இப்போதுள்ள ஒன்பது நிலைக் கோபுரம் 1990ல் வந்ததாகையால், இன்றைய வாசகர் அந்தக் காட்சியை மனத்தில்தான் காணவேண்டும். கிழக்கே எங்கள் கடைமடையில் சாரல் தூவானமாகவே தேய்ந்துபோகும். ஆயினும் கால்வாயில் தண்ணீர் வந்தது. எந்தப் பயிருக்கு என்று கேட்ட சம்சாரி ஏரைக் கட்டினார்.

சாரலோடு விருந்தாளிகளும் வந்தார்கள். மே மாதத்தில் நான் உயிரோடிருக்கிறேனா என்று ஒரு கார்டுகூட எழுதாத என் திருமறையூர்த் தோழர்கள் எல்லாருக்கும், ஜூலை மாதத்தில் என்மீது அளவற்ற ஆத்தும பாரம் உண்டாயிற்று. குற்றாலத்திலிருந்து எட்டு மைலுக்குள் குருமனை ஒன்று இருக்கிறதென்றால் அது ஆனி, ஆடி இரு மாதங்களும் சத்திரமே. பெரிய ஐயரம்மா முகங்கோணாமல் பொங்கிப் போட்டார்கள். பிடியரிசிப் பெட்டியை மாத்திரம் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை நாங்களும் போனோம்: பெரிய ஐயர், உபதேசியார், நான். திங்கட்கிழமை எங்களுக்கு ஞாயிறு. வழியெல்லாம் உபதேசியார் குறவஞ்சியைப்பற்றியே பேசிவந்தார். திரிகூடராசப்பக் கவிராயர் இந்த மலையைப் பாடிய அதே வகையிலே, 1774ல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார் அல்லவா. பெத்லகேமை நேரில் கண்டிராதவர் அதற்கு அருவியை எங்கிருந்து எடுத்திருப்பார் என்பது உபதேசியாரின் கேள்வி. விடையும் அவரே வைத்திருந்தார். அருவியின் இரைச்சல் வரவரப் பெருகியதால் எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. மூன்று வருஷம் முன்புவரை ரசிகமணி டி. கே. சி. இங்கே இருந்தார், இருந்தால் கேட்டிருக்கலாம் என்று பெரிய ஐயர் சொன்னார்.

அருவிக்கரையில் எனக்கு ஒரு தர்மசங்கடம் நேர்ந்தது. பேரருவி மேலிருந்து விழுந்து, நடுவிலே பொங்குமாங்கடல் என்னும் பாறைக் குடைவில் நிறைந்து, பொங்கி மறுபடியும் விழுகிற அந்த வேகத்தின் கீழே நிற்க ஆசைதான். ஆனால் ஆடி மாதத்தில் அங்கே எங்கள் சேகரத்தில் பாதிப்பேர் இருப்பார்கள். நேற்றுப் பிரசங்க பீடத்தில் அங்கியோடு நின்றவன் இன்று துண்டோடு, அதுவும் உடம்பெல்லாம் நல்லெண்ணெய் வழிய, அவர்கள் முன் நிற்கலாமா? இதற்கு ஜெப புஸ்தகத்தில் குறிப்பு எதுவும் கிடையாது. பெரிய ஐயர் இந்த விசாரமெல்லாம் இல்லாமல் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கூட்டத்துக்குள் மறைந்தார். நான் பனியனைக் கழற்றாமல், சிதறுகிற திவலை படும் ஓரத்தில், கையை நீட்டுவதும் இழுப்பதுமாக நின்றேன்.

பெண்கள் குளித்து ஏறிவரும் பக்கத்திலிருந்து யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். நரைத்த கூந்தலை முறுக்கிப் பிழிந்துகொண்டு, நீண்ட காதுகளில் தண்ணீர் சொட்ட, பேரன் கையில் ஒரு மங்குஸ்தான் பழத்தைத் திணித்தபடி நின்றாள் அந்தக் கிழவி.

"என்னய்யா, ஓரத்துல நிக்கிய? உள்ள போங்க. கொஞ்சமா நனைஞ்சாத்தான் சளி பிடிக்கும்."